பேசலாம், பாடக் கூடாது

யுவராணி தன் புருஷனைக் கூப்பிடுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகப்போகிறது. கோபதாபம் எதுவும் இல்லை. கூப்பிட வார்த்தை இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் அவள் உத்தமனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்ல வாய் வராது. 'ஏங்க' என்று ஆரம்பித்தால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். இருமிக் காட்டியும் வளையலைக் குலுக்கியும் காலத்தை ஓட்டினாள். பிள்ளை பிறந்து, அவனுக்கு எழில் என்று பெயர் வைத்ததும் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. எழிலப்பா, தண்ணி வந்துடுச்சி, மோட்டாரு போடுங்க. எழிலப்பா, கடைக்குப் போவ சொல்லோ பை எடுத்துகினு போங்க. தெருவும் அவளை எழிலம்மா என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கு யுவராணி என்று ஒரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும் என்று உத்தமன் கேலி செய்வார்.

எழில் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தான். சாயங்காலம் ரயிலில் வருவான். ஒரு நாள் ஆவடிக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால், அன்னனூரில், சிநேகிதன் ஒருவனைப் பார்க்க இறங்கினான். தண்டவாளத்தைக் கடக்கும்போது மறுபக்கம் வந்த வண்டியை அவன் கவனிக்கவில்லை. அதற்கு மேல் அதைச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கியிருந்தால் வீடு.

அவன் போனதும் புருஷனைக் கூப்பிடுகிற வார்த்தையும் அவனோடு போனது. பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் அவரைக் கூப்பிட யுவராணிக்குத் தெரியவில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லவோ அவளால் ஆகவில்லை. அடுப்படியிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள். உத்தமன் எழுந்து போவார். தட்டினால் வருவதற்கு நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா என்று வேறு யாராவது கேட்டிருப்பார்கள். அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. தெருக்காரர்களும் எழிலம்மா என்று வாய் வரைக்கும் வந்ததை மென்று முழுங்கிவிட்டு, ஆளாளுக்கு ஆன்ட்டி என்றும் யக்கா என்றும் மாற்றிக்கொண்டார்கள்.

முடக்குவாதம் அவளுக்கு அதற்கு முன்பே வந்ததுதான். விரல் முட்டிகள் வீங்கிச் சுடும். காலையில் எழுந்தால் மணிக்கட்டும் முழங்காலும் துருப்பிடித்த கீல் மாதிரி திறக்க மறுக்கும். மாத்திரையில் ஓரளவு அடங்கிக் கிடந்தது. எழில் இருந்தவரை அவள் வலியோடு சண்டை போட்டுக்கொண்டே தோசை வார்த்தாள், துணி பிழிந்தாள், மண்ணூர்பேட்டையில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய் வந்தாள். அவன் போன பிறகு சண்டையை விட்டுவிட்டாள். வலி வந்தால் படுத்தாள். வலி இல்லாவிட்டாலும் படுத்தாள். உடம்பு அசதியா மனசு அசதியா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ரிட்டயர் ஆன உத்தமன் சமையல் கற்றுக்கொண்டார். கேவலமான சமையல். அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள், அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. உப்பு போடாத சாம்பாரைக்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறவள் எத்தனை நாள் இருப்பாள்? ஒன்று போய்விட்டது. இதையும் விட்டுவிட்டால் இந்த வீட்டில் நான் யாருக்கு மோட்டார் போடுவேன் என்று கழிவறையில் உட்கார்ந்து அழுதார். வேறெங்கு அழுதாலும் அவளுக்குக் கேட்கும்.

வாதநோய் டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, "படுத்தே இருந்தா மூட்டு மட்டும் இல்ல, இதயமும் கெட்டுப்போகும். இந்த நோய்க்காரங்களுக்கு இதயம் கொஞ்சம் சீக்கிரமே களைக்கும்" என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே சௌம்யா என்ற பிசியோதெரபி பெண் இருந்தாள். சின்னப் பெண். யுவராணியின் கையைத் தொடும்போது எந்த முட்டி சுடுகிறது என்று முதலில் புறங்கையால் பார்த்துவிட்டுத்தான் பிடித்தாள்.

"வெளியில நடக்க வேணாம்மா. ரோடு நம்ம ஊர்ல எப்படி இருக்குன்னு தெரியும். வீட்லயே, நின்ன இடத்துலயே நடங்க. நாற்காலி முதுகைப் புடிச்சிக்கங்க. கால் மாத்தி மாத்தித் தூக்கணும், கையை வீசணும். முட்டி வீங்கியிருக்கற நாள்ல நாற்காலியில உக்காந்துகிட்டே காலைத் தூக்கி வைங்க. வெறும் தரையில வேணாம், மெத்துனு ஷூ போட்டுக்கங்க. சட்டுனு ஆரம்பிக்கக் கூடாது, சட்டுனு நிக்கவும் கூடாது. மெள்ள ஏத்தி, மெள்ள இறக்கணும்."

"எவ்ளோ வேகம்மா?" என்று கேட்டார் உத்தமன். அளவு இல்லாத விஷயம் எதுவும் அவருக்குப் பிடிபடாது.

"அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு சார். செய்யும்போது அம்மாவால பேச முடியணும். ஆனா பாட முடியக் கூடாது. பேசவே முடியலன்னா வேகம் அதிகம். பாட்டே பாட முடியுதுன்னா வேகம் பத்தாது."

உத்தமன் முகத்தில் நெடுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் கையில் இருந்தது ஒரு குட்டை இரும்புக் குச்சி. அதற்குக் கோ–நோகோ கேஜ் என்று பெயர். துளை சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் ரிஜெக்ட். யார் கெஞ்சினாலும் ரிஜெக்ட்தான். தொழிற்சாலையில் அவர் முதுகுக்குப் பின்னால் ரிஜெக்ட் உத்தமன் என்றே சொல்வார்கள்.

"பேச்சு கோ, பாட்டு நோகோ," என்றார் அவர். சௌம்யா புரியாமல் சிரித்தாள். யுவராணிக்குப் புரிந்தது. முப்பது வருஷமாகச் சோற்றோடு சேர்த்து அந்தக் குச்சியின் கதையைக் கேட்டவள் அவள்.

அவருக்கு உள்ளுக்குள் கிளர்ந்த சந்தோஷம் வேறு. உடம்புக்கு மருந்து என்ற பேரில் அவளைப் பேசவைக்க ஒரு சட்டம் கிடைத்துவிட்டது. இனி அவள் பேசித்தான் ஆக வேண்டும், ஆஸ்பத்திரியில் சொன்னது.

முதல் சண்டை ஷூவுக்கு நடந்தது. சண்டை என்றால் அவள் தலையை ஆட்டுவாள், அவர் பேசுவார்.

"சாமி கீற ஊட்ல ஷூவா," என்று கடைசியில் வாயைத் திறந்தாள்.

"தெருவையே பாக்காத ஷூ. கடையிலேருந்து டப்பாவோட வந்துகீது. செருப்புனு நெனைக்காத, கட்டுனு நெனைச்சிக்கோ. கால்ல மாவுக்கட்டு போட்டா சாமி கோவிச்சிக்குமா?"

அவள் விரல்களுக்குக் கயிறு முடிய வராது. தினமும் சாயங்காலம், வெயில் தாழ்ந்து உடம்பு கொஞ்சம் இளகுகிற நேரத்தில், உத்தமன் தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக் கயிறு கட்டிவிடுவார். இறுக்கினால் பாதத்து முட்டி வலிக்கும். தளர விட்டால் தடுக்கும். கட்டியதும் ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார். விரல் நுழைந்தால் பாஸ்.

பேச்சுதான் வரவில்லை. அவள் நாற்காலியைப் பிடித்துக் காலை மாற்றி மாற்றித் தூக்கினாள். அவர் எதிரே உட்கார்ந்து விஷயம் விஷயமாக எடுத்துப் போட்டார். ரோட்டைத் தோண்டிப் போட்டிருப்பது, எதிர் வீட்டு நாய், தக்காளி அழுகியது. அவள் "ம்" என்றாள், "ஆமா" என்றாள்.

"ஒத்த வார்த்தை செல்லாது. முழுசா ஒரு வாக்கியம் பேசினாத்தான் மூச்சு தெரியும்."

"இன்னா பேசறது?"

"இன்னா வேணா பேசு."

அவள் காலைத் தூக்கிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். பேசினால் எந்தப் பேச்சும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சரி, நம்மால் ஆகவில்லை, பேச்சுக்கென்றே பிறந்தவளைக் கூப்பிடுவோம் என்று உத்தமன் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளை அழைத்தார். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் மருமகளில் ஆரம்பித்துத் திருமுல்லைவாயில் கோயிலில் யாரோ தன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனது வரை மூச்சு விடாமல் பேசினாள். உடற்பயிற்சி முடிந்தபோது அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. யுவராணி ஒரு சொல் பேச இடம் கிடைக்கவில்லை.

"இன்னா அண்ணாத்தே, பாஸா?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் வேம்புலியம்மாள்.

"நீ பாஸ். அவ இன்னும் டெஸ்டே எழுதல," என்றார் உத்தமன். யுவராணியின் உதடு ஓரமாகக் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவர் அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலைத் தூக்கி வைத்தவள், யாரையும் பார்க்காமல் ஆரம்பித்தாள்: "சென்ட்ரல், பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, பெரம்பூர், கேரேஜ், லோகோ, வில்லிவாக்கம்..."

உத்தமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பட்டியல் அவருக்கு நன்றாகத் தெரியும். எழில் சோறு தின்னாத பிள்ளை. ஒரு வாய்க்கு ஒரு ஸ்டேஷன் என்று சொல்லித்தான் அவள் ஊட்டுவாள். சென்ட்ரலில் வண்டி கிளம்பினால் ஆவடியில் தட்டு காலியாகும். நடுவில் அவன் வாயை மூடிக்கொண்டால் சிக்னல் விழவில்லை என்று காத்திருப்பாள். அன்னனூர் வந்தால் மட்டும் அவனே வாயைத் திறப்பான்; அன்னம் என்றால் சோறு, அதனால் அது சோத்து ஊரு என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த ஊருக்கு எப்போதும் பெரிய உருண்டை.

"...கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி, இந்துக் காலேஜு, பட்டாபிராம்..."

ஒரு ஸ்டேஷனில் வண்டி நிற்கவில்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. அவர் கயிறு கட்டுவார், அவள் காலைத் தூக்கி வைப்பாள், ரயில் சென்ட்ரலில் கிளம்பித் திருவள்ளூர் வரைக்கும் போய்த் திரும்பும். பேச்சு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் மூச்சு தெரிந்தது. வேகம் போதாத நாளில் அவர் "ஒரு பாட்டு பாடு பாக்கலாம்" என்பார். அவள் முறைத்துவிட்டு வேகத்தைக் கூட்டுவாள். முட்டி வீங்கிய நாளில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வண்டி ஓடியது. கடைசி ஸ்டேஷன்கள் வரும்போது வேகத்தைக் குறைத்து, காலை மெள்ள மெள்ள வைத்து நிறுத்துவாள். மாதம் சில போனதும் அவள் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டதை உத்தமன் பார்த்தார். பின்னல் கோணலாகத்தான் இருந்தது. இன்னொரு நாள் அவர் வைத்த ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "இது இன்னா ரசமா, கையி கழுவுன தண்ணியா?" என்றாள். அவர் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

டம்ளரைத் தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஸ்டேஷனும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் திருமுல்லைவாயிலை விட்டால் வண்டி நேரே ஆவடிக்கு வந்தது. உத்தமன் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் தன் நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டார். வெளியாள் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் குறை எங்கே என்று தேடிச் சம்பளம் வாங்கிய மனிதன் அவர். வரிசையில் ஒன்று குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது. கண்ணுக்குத் தெரிந்த குறையைச் சொல்லாமல் விடுவது என்பது அவர் பிழைப்பில் இல்லாத பழக்கம்.

வினை ஒரு நல்ல நாளில் வந்தது. காற்று நன்றாக வீசிய சாயங்காலம். யுவராணி நாற்காலியை விட்டுவிட்டு இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தாள். முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை கோத்து நின்றது. குரலில் மூச்சு இரைந்தாலும் ஒவ்வொரு பெயரும் தெளிவாக விழுந்தது. பார்க்கப் பார்க்க உத்தமனுக்குப் பெருமை தாங்கவில்லை. தொழிற்சாலையில் அவர் மேஜைக்கு ஒரு நல்ல உருப்படி வந்து நின்றால் வருகிற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் தான் வீட்டில் இருப்பதை மறந்தார்.

"...அம்பத்தூர், திருமுல்லைவாயில், ஆவடி..."

"ஒண்ணு உட்டுட்டே," என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அதற்குள் யுவராணி நின்றுவிட்டாள். மெள்ள இறக்காமல், சட்டென்று நின்றுவிட்டாள்.

"இன்னாது?"

"ஒண்ணுமில்ல. நீ நட."

"நான் உட்டுட்டேனா?"

"ஸ்டேஷனைச் சொன்னேன், யுவராணி. பேரு ஒண்ணு உட்டுப்போச்சினு..."

"நானா உட்டேன்?" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. நாற்காலியைப் பிடிக்கக் கையை நீட்டி, வீங்கிய விரல்களுக்கு அது அகப்படாமல், சுவரில் சாய்ந்தாள். "காலீல டிப்பன் பாக்ஸு கட்டிக் குடுத்து அனுப்பினேன். சாய்ங்காலம் வருவான்னுதானே அனுப்பினேன். நானா உட்டேன்?"

உத்தமன் எழுந்து அவள் தோளைத் தொடப் போனார். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். கட்டிலில் உட்கார்ந்து, விரலால் முடியாமல், ஒரு காலின் குதியை இன்னொரு காலால் மிதித்து ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தமிழில் அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை இருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது. மறந்தாலும் விட்டதுதான், போக விட்டாலும் விட்டதுதான்.

அதற்குப் பிறகு ரயில் ஓடவில்லை. சாயங்காலமானால் உத்தமன் ஷூவை எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் காத்திருப்பார்; இருட்டியதும் எடுத்து வைத்துவிடுவார். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நோய் சமயம் பார்த்துக் கிளம்பியது. மணிக்கட்டு வீங்கியது, முழங்கால் சுட்டது, டம்ளரைத் தட்டக் கரண்டியைக்கூட அவளால் பிடிக்க முடியவில்லை. இப்போது அவருக்கு அந்தச் சத்தமும் இல்லை. அவர்தான் அடிக்கடி எட்டிப் பார்த்து, தண்ணியா, பாத்ரூமா என்று கேட்டுக்கொண்டார். அவள் கண்ணால் பதில் சொன்னாள்.

டாக்டர் மாத்திரை கூட்டிக் கொடுத்து வீக்கம் வடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. சௌம்யாவுக்குப் போன் போட்டார்.

"வீக்கம்தான் வடிஞ்சிடுச்சே சார். படுத்தபடியேகூடக் காலை அசைக்கலாம். மொத்தமா மட்டும் விட்டுடக் கூடாது," என்றாள் அவள்.

அந்தப் பெண்ணும் அதே சொல்லைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தார்.

வேம்புலியம்மாள் கஞ்சி கொண்டுவந்தவள், விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரை வாசலுக்கு இழுத்துப் போய்த் திட்டினாள்.

"அறிவு கீதா அண்ணாத்தே உனக்கு? ஆயி அப்பனைப் பறிகுடுத்தவகிட்டயே பேச யோசிக்கணும், புள்ளையப் பறிகுடுத்தவகிட்டப் போய்க் கணக்குப் பாத்துகினு கீற. அது ஃபேக்டரியா, ஊடா?"

"தப்புதான்," என்றார் உத்தமன்.

"தப்புனு என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? உள்ள போய்ச் சொல்லு."

உள்ளே போனார். சொல்ல வரவில்லை. தப்பு என்று சொல்ல வேண்டுமானால் எது தப்பு என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அந்த ஊர்ப் பெயர் வரும்.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. யுவராணி வழக்கம் போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். உத்தமன் ஷூவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அதன் முதுகைப் பிடித்தார். வலது காலைத் தூக்கி வைத்தார். இடது காலைத் தூக்கி வைத்தார். அறுபது தாண்டிய தொப்பை குலுங்கியது. பார்க்க யாருக்கும் சிரிப்புத்தான் வந்திருக்கும்.

"சென்ட்ரல்," என்றார். "பேசின் பிரிட்ஜ். வியாசர்பாடி."

கட்டிலில் அசைவு இல்லை. வெறுங்கால் தரையில் பட்டுத் தொம் தொம் என்று கேட்டது. பெரம்பூரிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து அவளை விரட்டியது எவ்வளவு சுலபம் என்று நினைத்தார். லோகோ, வில்லிவாக்கம், கொரட்டூர். வேகத்தைக் குறைத்தார். பட்டரவாக்கம், அம்பத்தூர். அம்பத்தூரில்தான் எழில் ஏறுவான். ஜன்னல் ஓரம் பிடிக்க மாட்டான், கதவோரம்தான் நிற்பான், எத்தனை சொன்னாலும் கேட்க மாட்டான்.

"திருமுல்லைவாயில்."

அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தார். கால் ஏறி இறங்கியது, வாய் திறந்தே இருந்தது, சத்தம் வரவில்லை. மூச்சு வாங்கியதால் என்று நினைத்து இன்னும் மெதுவாக்கினார். மூச்சு தணிந்தது. பேச்சு என்ன, பாட்டே பாடலாம் என்கிற அளவுக்கு மெதுவாக்கியும் அந்த ஒரு பெயர் தொண்டையில் நுழையவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவன் போன நாளிலிருந்து அவர் வாயிலும் அந்தப் பெயர் வந்ததே இல்லை. யாராவது கேட்டால் ரயில்வே லைனில் என்று சொல்லியிருக்கிறார், ஆவடிக்கு முன்னால் என்று சொல்லியிருக்கிறார். ரயிலில் போனால் திருமுல்லைவாயில் தாண்டியதும் தூங்குகிறவர் போலக் கண்ணை மூடிக்கொள்வார். ஊருக்கெல்லாம் கேஜ் வைத்துப் பார்த்தவர் தன் தொண்டையில் வைத்துப் பார்க்கவில்லை. இந்த லட்சணத்தில்தான் அவளைக் குறை சொன்னார்.

திரும்ப அம்பத்தூரிலிருந்து ஆரம்பித்தார். அம்பத்தூர், திருமுல்லைவாயில். மறுபடியும் அங்கேயே நின்றது. எத்தனை நேரம்தான் அங்கே நிற்பது? கண்ணை இறுக மூடிக்கொண்டு, தாண்டிக் குதித்தார்.

"ஆவடி," என்றார்.

மாடியிலிருந்து மழைத் தண்ணீர் குழாய் வழியாக இறங்குகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு உட்டுட்டீங்க."

சுவர்ப் பக்கத்திலிருந்துதான் வந்தது. உத்தமன் கண்ணைத் திறந்தார். அவள் திரும்பவில்லை. முதுகும் கோணல் பின்னலும்தான் தெரிந்தன.

"தெரியிது," என்றார் அவர். "எனக்கு வரல, யுவராணி. எனக்கும் வரல."

அவள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவள் சொல்வது போல, எழுத்தெழுத்தாக இழுத்துச் சொன்னாள்.

"அன்னனூர், எழிலப்பா."

உத்தமனின் கால்கள் நின்றுவிட்டன. நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவளுக்குக் கேட்குமே என்ற நினைப்பில்லாமல், வாய்விட்டு அழுதார். அவள் முழங்கையை ஊன்றி, அங்கங்கே வலித்து முகத்தைச் சுளித்து, மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது.

"நிக்காதீங்க," என்றாள். "சட்டுனு நிக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி இல்ல. நெஞ்சுக்கு ஆவாது. மெள்ளமாத்தான் நிறுத்தணும்."

அவர் அழுதுகொண்டே வலது காலைத் தூக்கி வைத்தார். இடது காலைத் தூக்கி வைத்தார். அன்னனூருக்கு அடுத்தது வீடு; சற்று முன் தாண்டிக் குதித்துச் சொன்ன ஆவடி இப்போது வாயில் வரவில்லை.